பழைய அஞ்சல்தலைப் புக்லெட்டுகளைத் துளைவரிசை கொண்டு அடையாளம் காண்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அஞ்சல்தலைப் புக்லெட் என்பது தலைகள் கொண்ட சிறு தாள்களை அட்டைக்குள் கட்டி விற்ற சிறு புத்தகம். பழைய புக்லெட் ஒன்று கைக்கு வந்ததும், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள் முதலில் தேடுவது, தலையின் விளிம்புத் துளைகளின் நெருக்கத்தை அளக்கும் துளை அளவியைத்தான். 14 என்றோ 11 என்றோ ஓர் எண் கிடைத்தவுடன் அஞ்சல்தலைப் பட்டியலைப் புரட்டி, அந்த எண்ணுக்கு நேரே உள்ள பெயரைப் புக்லெட்டுக்குச் சூட்டிவிடுகிறார்கள். நான் உடனிருந்து பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்திலிருந்தே பிறந்தவை. முழுத்தாளாக விற்ற தலைக்கும் புக்லெட்டுக்குள் கட்டிய தலைக்கும் பெரும்பாலும் ஒரே துளை எண்தான் இருக்கும். எந்தப் பக்கத்தில் துளை இருக்கிறது, எந்தப் பக்கத்தில் இல்லை, இருக்கும் துளைவரிசை ஓரத்தில் எப்படி முடிகிறது என்பவைதான் புக்லெட்டைப் பற்றிப் பேசும் சான்றுகள். ஆகவே விளிம்பை முதலில் வாசித்து, எண்ணைப் பிறகு அளக்கும் வரிசையில் இந்த வழிகாட்டி அமைந்துள்ளது.

சில சொற்களை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வோம். புக்லெட்டுக்குள் இருக்கும், நான்கு அல்லது ஆறு தலைகள் சேர்ந்த சிறு தாளை "ஏடு" என்கிறேன். பின்னோ (ஸ்டேப்பிள்) நூலோ ஏட்டைப் பிடித்துக் கட்டும் வெற்றுப் பகுதி "ஓரப்பட்டை". பெர்ஃபரேஷன் என்று நாம் வழக்கமாகச் சொல்வது "துளைவரிசை". துளையே இல்லாமல் நேராக வெட்டப்பட்ட பக்கம் "வெட்டுவிளிம்பு". துளையிட்ட பிறகு வெட்டுக்கத்தி பற்களின் (துளைகளுக்கு நடுவே நீளும் தாள் முனைகளின்) நுனியைச் சீவிவிட்ட பக்கம் "சீவிய விளிம்பு". கடைசி இரண்டையும் ஒன்றாகக் கருதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அவற்றைப் பிரித்தறிவதுதான் இந்த வேலையில் பாதி.

1. தொடங்குவதற்கு முன் தேவைப்படுபவை

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்த துளை அளவி ஒன்று வேண்டும். அட்டையிலோ உலோகத்திலோ செய்த அளவியைத் தனித்த தலையின் கீழே வைத்துத்தான் பயன்படுத்த முடியும். கட்டிய ஏட்டின் நடுவே ஓடும் துளைவரிசையின் மேல் வைத்துப் பார்க்க ஒளி ஊடுருவுவதே உதவும். அளவியின் படத்தை அச்சுப்பொறியில் அச்சிட்டுப் பயன்படுத்த வேண்டாம். அச்சிடும்போது ஓரிரு விழுக்காடு சுருங்கினாலோ விரிந்தாலோ 14 என்பது 14¼ ஆகத் தோன்றும். பிழை அளவியில் இருப்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

பத்து மடங்கு உருப்பெருக்கி, நுனி தட்டையான இடுக்கி, அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள அளவுகோல், மங்கலான கறுப்பு அட்டைத் துண்டு ஆகியவையும் வேண்டும். கறுப்பு அட்டை சிறிய பொருள்தான், ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். ஏட்டின் கீழே அதை நுழைத்தால் துளைகள் கறுப்பாகத் தெரியும்; வெள்ளைத் தாளின் மேல் வெள்ளைத் தாளைப் பார்த்து எண்ணும்போது ஏற்படும் தடுமாற்றம் அதோடு தீரும்.

குறிப்பெழுதப் பென்சில் மட்டும் போதும். மைப் பேனா மேசைமேல் இருக்கவே கூடாது.

2. புக்லெட்டைத் திறக்கும் முறை

பின் அடித்த புக்லெட்டுகளில் பின் துருப்பிடித்திருக்கும். அட்டையை முழுதாக மடித்துத் திறந்தால் துருவேறிய இடத்தில் தாள் கிழியும். அல்லது ஓரப்பட்டைக்கும் முதல் தலைக்கும் இடையே உள்ள துளைவரிசை விட்டுப்போகும். விட்டுப்போன ஏடு, அடையாளம் காண உதவும் முக்கியமான சான்றைக் கூடவே இழந்துவிடுகிறது. எனவே ஐம்பது, அறுபது பாகைக்கு மேல் திறக்காமல், கீழே ஒரு தாங்கல் வைத்துப் பார்க்க வேண்டும்.

திறப்பதற்கு முன் அட்டையின் இரு பக்கங்களையும், பின் அல்லது தையல் இருக்கும் இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏடுகளை எண்ணி, அட்டையில் அச்சிட்ட விலையோடு ஒப்பிடுங்கள். பிரிட்டன் 1904-இல் வெளியிட்ட முதல் புக்லெட்டில் ஒரு பென்னித் தலைகள் 24 இருந்தன. அவற்றின் மதிப்பு இரண்டு ஷில்லிங். விற்ற விலையோ இரண்டு ஷில்லிங் அரைப் பென்னி. ஆறு தலை ஏடுகள் நான்கு இருந்தால்தான் கணக்குச் சரியாகும். அமெரிக்கா 1900-இல் தொடங்கிய புக்லெட்டுகளிலும் இரண்டு சென்ட் தலைகள் பன்னிரண்டு கொண்டது 25 சென்ட்டுக்கு விற்கப்பட்டது. கூடுதல் ஒரு சென்ட் கட்டமைப்புக்கானது. கணக்கு உதைத்தால் ஓர் ஏடு கழன்றுபோயிருக்கலாம், அல்லது யாரோ பிரித்துச் சேர்த்திருக்கலாம். துளைகளைப் பார்ப்பதற்கு முன்பே இந்த ஐயம் மனத்தில் இருப்பது நல்லது.

ஏடுகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய இடைத்தாள்களை உருவி எடுக்காதீர்கள். பசை ஒட்டிக்கொண்டிருந்தால் வலிந்து பிரிக்கவும் வேண்டாம். அந்த ஏட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

3. விளிம்பு வரைபடம் தயாரித்தல்

இந்தப் படிக்குத்தான் மிகுதியான நேரம் தர வேண்டும். ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு கட்டம் வரைந்து, தலைகள் எத்தனை வரிசை, எத்தனை நிரல் என்று பிரித்து, ஓரப்பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறியுங்கள். பிறகு வெளிவிளிம்பு ஒவ்வொன்றிலும் துளை, வெட்டுவிளிம்பு, சீவிய விளிம்பு ஆகிய மூன்றில் எது இருக்கிறது என்று எழுதுங்கள். ஓர் ஏட்டைப் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படியே இருக்கும் என்று கொள்ளக் கூடாது. ஒரே புக்லெட்டுக்குள் கட்டிய ஏடுகள் வெவ்வேறு முழுத்தாள்களிலிருந்தும், முழுத்தாளின் வெவ்வேறு இடங்களிலிருந்தும் வந்திருக்கலாம்.

இந்த வரைபடம் எவ்வளவு பேசும் என்பதற்கு இரண்டு மரபுகளை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் பழைய ஆறு தலை ஏட்டில் அகலத்தில் இரண்டு, உயரத்தில் மூன்று தலைகள் இருக்கும். ஓரப்பட்டை மேலே இருக்கும். இடம், வலம், கீழ் ஆகிய மூன்று வெளிப்பக்கங்களும் வெட்டுவிளிம்புகள். ஆகவே மேல் நான்கு தலைகளுக்கும் தலா ஒரு பக்கம் மட்டும் துளையற்று இருக்கும். கீழ் இரண்டு தலைகளுக்கு அடுத்தடுத்த இரு பக்கங்கள் துளையற்று இருக்கும். மேல்பக்கம் துளையற்ற தலை இந்த ஏட்டில் இருக்கவே முடியாது. ஏனெனில் முதல் வரிசையும்கூட ஓரப்பட்டையிலிருந்து துளைவரிசையால்தான் பிரிகிறது. எதிரெதிரான இரு பக்கங்கள் துளையற்றிருந்தால் அது சுருளாக விற்ற தலை.

பிரிட்டனின் ஆறு தலை ஏட்டில் அகலத்தில் மூன்று, உயரத்தில் இரண்டு தலைகள், ஓரப்பட்டை இடப்பக்கம். இங்கே எல்லாப் பக்கங்களிலும் துளை உண்டு. ஆனால் துளையிட்ட தாள்களை அடுக்கி, அட்டையோடு சேர்த்துக் கட்டி வெட்டியபோது, கத்தி மேல், கீழ், வலப் பக்கத் துளைகளின் மேலேயோ அவற்றுக்குச் சற்று உள்ளேயோ இறங்கியது. அதனால் மேல்வரிசைத் தலைகளின் மேல்பற்களும், கீழ்வரிசைத் தலைகளின் கீழ்ப்பற்களும், கடைசி நிரலின் வலப்பற்களும் சீவப்பட்டிருக்கும். நான்கு பக்கமும் பற்கள் முழுமையாக இருக்கும் ஏடு அரிதாகக் கிடைப்பதும், சேகரிப்பவர்கள் அதற்குத் தனி மதிப்புத் தருவதும் இதனால்தான்.

சீவிய விளிம்பை வெட்டுவிளிம்பிலிருந்து பிரித்தறியச் சாய்ந்த ஒளியில் உருப்பெருக்கியால் பாருங்கள். சீவிய விளிம்பில், எவ்வளவு குட்டையாக இருந்தாலும், துளையின் அடிவளைவு மிச்சமிருக்கும். விளிம்புக் கோடு சிறு அலைபோல ஓடும். சீவியது ஒரு முனையில் கூடுதலாகவும் மறுமுனையில் குறைவாகவும் இருக்கலாம். வெட்டுவிளிம்பு ஒரே நேர்கோடு. துளைகளின் உட்புறம் வழியாகவே கத்தி இறங்கியிருந்தால் அலையும் மறைந்துவிடும். அப்போது அச்சிட்ட படத்திலிருந்து விளிம்புவரை உள்ள வெள்ளைப் பகுதியை அளந்து, அதே தலையில் படத்திலிருந்து எதிர்ப்பக்கத் துளைகளின் மையம்வரை உள்ள தூரத்தோடும் பக்கத்துத் தலைகளோடும் ஒப்பிட வேண்டும். குறைந்திருந்தால் அங்கே ஒரு துளைவரிசை இருந்து வெட்டுண்டிருக்க வாய்ப்பு உண்டு.

சுவீடனின் தலைகளைச் சேர்ப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் இயல்பாகவே வந்துவிடுகிறது. அங்கே ஒரே படம் கொண்ட தலை சுருளிலும் புக்லெட்டிலும் வெளிவந்த காலம் நீண்டது. இரு பக்கத் துளை என்றால் சுருள், மூன்று பக்கத் துளை என்றால் புக்லெட் என்று பட்டியல்களே பிரித்துக் காட்டுகின்றன. மற்ற நாடுகளின் தலைகளைப் பார்க்கும்போதும், எண்ணுக்கு முன் பக்கங்களைக் கேட்கும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: ஏட்டில் உள்ள எல்லாக் கட்டங்களும் தலைகளாக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டன் 1924 முதல் வெளியிட்ட ஒன்றரைப் பென்னி ஏடுகளில் நான்கு தலைகளோடு இரண்டு விளம்பரக் கட்டங்களும் சேர்ந்திருந்தன. விளம்பரத்துக்கும் தலைக்கும் இடையே உள்ள துளைவரிசையை ஓரப்பட்டைத் துளை என்று எழுதிவிட்டால் வரைபடம் முழுவதும் திசைமாறிப் போகும்.

4. துளையின் வகையைப் பார்த்தல்

அளப்பதற்கு முன் அது உண்மையில் துளைதானா என்று உறுதிசெய்யுங்கள். துளையிட்டால் தாளிலிருந்து சிறு வட்டம் நீங்கியிருக்கும். தாளைக் கீறி மட்டும் விட்டிருந்தால் எதுவும் நீங்கியிருக்காது. கறுப்பு அட்டை வைத்தால் முதலாவது கரும்புள்ளிகளாகவும் இரண்டாவது மெல்லிய கோடுகளாகவும் தெரியும். பின்னும் ஊசியும் ஏற்படுத்திய துளைகள் ஓரப்பட்டையில் இருக்கும். அவற்றின் இடைவெளி சீராக இராது, விளிம்பில் தாள் பிதுங்கியிருக்கும். அவற்றைத் துளைவரிசையோடு சேர்த்து எண்ணியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, துளைவரிசைகள் குறுக்கிடும் மூலைகளைப் பாருங்கள். சீப்புபோல ஒரே அடியில் ஒரு வரிசைத் தலைகளின் மூன்று பக்கங்களையும் துளைக்கும் பொறியில், மூலைக்கு ஒரே ஒரு துளை சரியாக அமையும். எல்லா மூலைகளும் ஒன்றுபோல் இருக்கும். ஒவ்வொரு கோடாகத் துளைக்கும் பொறியில் கிடைக்கோடும் நெடுக்கோடும் தனித்தனியே விழுவதால், மூலையில் இரண்டு துளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், அல்லது துளைக்கும் துளைக்கும் நடுவே கோடு கடந்து போயிருக்கும். முதலாவதைச் சீப்புத் துளை என்றும் இரண்டாவதை வரித்துளை என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை அளப்பதற்கு முன் செய்வதற்குக் காரணம் உண்டு. சீப்புத் துளையில், ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்தில் இடைவெளி சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கலாம். அந்த இணைப்பைக் கடந்து அளந்தால் எண் பிசகும். வகை தெரிந்தால்தான் எங்கே அளவியை வைக்கக் கூடாது என்பதும் தெரியும்.

5. துளை எண்ணை அளத்தல்

துளை எண் என்பது 20 மில்லிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்ற கணக்கு. தலையின் ஒரு பக்கத்தில் உள்ள பற்களை எண்ணி அதையே துளை எண் என்று எழுதுவது தொடக்கநிலையில் அடிக்கடி நேரும் பிழை. தலையின் அகலம் 20 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 15×14 என்று எழுதியிருந்தால், முதல் எண் மேல், கீழ்ப் பக்கங்களுக்கும் இரண்டாவது எண் இடம், வலப் பக்கங்களுக்கும் உரியது. ஓர் எண் மட்டும் இருந்தால் நான்கு பக்கமும் அதுவே.

இரு திசைகளிலும் அளக்க வேண்டும் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். பிரிட்டனின் ஏழாம் எட்வர்ட் கால ஏடுகள் நான்கு பக்கமும் 14. 1911-இல் தொடங்கிய ஐந்தாம் ஜார்ஜ் ஏடுகள் 15×14. நெடுப்பக்கத்தை மட்டும் அளந்தால் இரண்டுமே 14 என்றுதான் வரும். வேறுபாடு கிடைப்பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே ஏடுகள் தொடக்கத்தில் 12 ஆகவும், 1914 முதல் 10 ஆகவும், 1917 முதல் 11 ஆகவும் துளையிடப்பட்டு, 1920களின் பிற்பகுதியில் 11×10½ ஆயின. கடைசி இரண்டையும் கிடைப்பக்கம் பிரித்துக் காட்டாது; நெடுப்பக்கத்தை அளந்தால்தான் தெரியும். அரசர் படம் காட்டிக்கொடுக்கும் இடத்தில் தவறு நேராது. ஒரே படம் இரண்டு துளை எண்களில் வந்த இடத்தில்தான் அரை வேலை செய்தவர் ஏமாறுகிறார்.

எங்கே அளப்பது? வெளிவிளிம்பைத் தவிர்த்துவிட்டு, ஏட்டுக்குள்ளே இரண்டு தலைகளுக்கு நடுவே ஓடும், இன்னும் கிழிபடாத துளைவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழித்த பக்கத்தில் பற்கள் வளைந்தும் குறைந்தும் இருக்கும். சீவிய பக்கத்தில் துளையின் மையம் எங்கே என்றே தெரியாது. உள்வரிசையில் துளைகள் முழுவட்டமாக இருப்பதால் அளவியின் கோடுகள் மையத்தில் பொருந்துகின்றனவா என்று ஐயமின்றிப் பார்க்கலாம். ஏட்டின் கீழே கறுப்பு அட்டையை நுழைத்து, மேலே அளவியை வைத்து, முதல் துளையிலிருந்து கடைசித் துளைவரை கோடுகள் பொருந்தும் இடத்தைத் தேடி மெல்ல நகர்த்துங்கள். இடப்பக்கம் பொருந்தி வலப்பக்கம் விலகினால் அந்த எண் சரியல்ல.

அளவி தரும் விடையைச் சாதாரண அளவுகோலால் சரிபார்க்கும் வழி ஒன்று இருக்கிறது. புக்லெட் ஏட்டில் அது மிக நன்றாக வேலை செய்கிறது. உள்வரிசையில் ஒரு துளையின் மையத்திலிருந்து தொடங்கி, 40 இடைவெளிகளை எண்ணி, அந்த நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, 800-ஐ அந்த நீளத்தால் வகுங்கள். துளை எண் 14 என்றால் 40 இடைவெளிகள் 57.1 மில்லிமீட்டர் வரும். 15 என்றால் 53.3 மில்லிமீட்டர். ஒரே ஒரு இடைவெளியில் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்த வேறுபாடு, நீண்ட வரிசையில் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டராகப் பெருகிவிடுகிறது. 14-க்கும் 14¼-க்கும் இடையிலான வேறுபாடுகூட 1 மில்லிமீட்டராகத் தெரியும். தனித்த தலையில் இந்த வசதி இல்லை. தலைகள் சேர்ந்திருக்கும் ஏடு தரும் வாய்ப்பு இது. 40 இடைவெளிகளுக்கு இடமில்லை என்றால் எத்தனை கிடைக்கிறதோ அத்தனையை எடுத்து, அந்த எண்ணிக்கையை 20-ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால் போதும். சீப்புத் துளையின் அடி இணைப்புகளை மட்டும் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதபோது, ஒவ்வொரு தலையையும் தனியே அளந்து சராசரி எடுங்கள்.

கழன்ற ஏடாக இருந்தால் ஸ்கேனரையும் பயன்படுத்தலாம். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அடர்த்தியில் 20 மில்லிமீட்டர் என்பது 472.4 புள்ளிகள். கட்டிய புக்லெட்டை மட்டும் ஸ்கேனரில் வைத்து மூடியால் அழுத்தாதீர்கள். முதுகு உடையும், பின் தாளில் பதியும்.

பட்டியல்கள் துளை எண்ணை அரைக்கோ காலுக்கோ திருத்தித்தான் அச்சிடுகின்றன. நீங்கள் அளந்தது 13.9 என்றால் அது 14. ஈரப்பதத்தால் தாள் விரிவதும் உலர்ந்து சுருங்குவதும் உண்டு என்பதால், மிக நுண்ணிய வேறுபாட்டின்மேல் பெரிய முடிவைக் கட்டக் கூடாது. அமெரிக்கத் தலைகளில் ஆழ்ந்து ஈடுபடுவோர் கியூசாலஸ் அளவி என்ற ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். அது துளைகளின் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுகிறது. அந்த முறையில் 10 என்பது சுமார் 79, 11 என்பது சுமார் 72, 12 என்பது சுமார் 66. போலித் துளைகளைப் பிடிக்க அது உதவும், தொடக்கத்தில் தேவையில்லை.

6. ஓரப்பட்டையில் துளைவரிசை முடியும் விதம்

வரைபடத்தில் இதற்கென ஓர் இடம் ஒதுக்குங்கள். தலைகளுக்கு இடையே ஓடும் துளைவரிசை ஓரப்பட்டையை அடையும்போது மூன்றில் ஒன்று நடக்கிறது. ஓரப்பட்டையின் எல்லையிலேயே நின்றுவிடலாம். ஒரே ஒரு துளை மட்டும் ஓரப்பட்டைக்குள் எட்டிப் பார்க்கலாம். ஓரப்பட்டை முழுவதையும் கடந்து ஓடலாம். துளைப்பொறியின் சீப்பு எவ்வளவு நீளம், தாள் எந்தப் பக்கத்திலிருந்து பொறிக்குள் சென்றது என்பவற்றைப் பொறுத்து இது அமைகிறது. அதனால் ஒரே படம், ஒரே துளை எண், ஒரே விலை கொண்ட இரண்டு ஏடுகளைப் பிரித்தறிய வேறு வழியே இல்லாதபோது இந்த ஒற்றைத் துளை உதவுகிறது. பிரிட்டிஷ் ஏடுகளுக்கான சிறப்புப் பட்டியல்கள் இந்த வகைகளுக்குத் தனித்தனி எழுத்துக் குறியீடே கொடுத்திருக்கின்றன.

கட்டிய பின் (ஸ்டேப்பிள்) ஏற்படுத்திய துளை அந்த ஒற்றைத் துளையின்மேலேயே விழுந்திருந்தால் ஏமாற வாய்ப்புண்டு. துளைப்பொறி செய்த துளை வட்டமாக, விளிம்பு சுத்தமாக இருக்கும். மற்ற துளைகளின் வரிசையில் நேராக நிற்கும்.

7. நீர்க்குறியோடும் அட்டையோடும் ஒத்துப்பார்த்தல்

இப்போது கையில் விளிம்பு வரைபடம், துளை வகை, இரு திசை எண், ஓரப்பட்டைக் குறிப்பு ஆகிய நான்கும் இருக்கின்றன. பட்டியலைத் திறக்க இதுவே தருணம்.

பட்டியல் சொல்வதும் உங்கள் குறிப்பும் ஒத்துப்போனாலும், தாளிலேயே பதிந்து ஒளியில் தெரியும் குறியான நீர்க்குறியைப் பார்க்காமல் முடிக்காதீர்கள். ஏட்டின் பின்னால் மெல்லிய விளக்கொளி காட்டிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். கட்டிய புக்லெட்டில் எந்தத் திரவத்தையும் ஊற்ற வேண்டாம். பிரிட்டிஷ் புக்லெட்டுக்காக அச்சிட்ட முழுத்தாள்களில் பாதி ஏடுகள் தலைகீழாக அமைக்கப்பட்டிருந்ததால், நீர்க்குறி நிமிர்ந்த ஏடுகளும் தலைகீழான ஏடுகளும் ஏறக்குறையச் சம அளவில் உருவாயின. ஆகையால் தலைகீழ் நீர்க்குறியைக் கண்டதும் அதைப் பிழை அச்சு என்று எண்ணக் கூடாது. புக்லெட் என்பதற்கு அது கூடுதல் சான்று.

அட்டையின் விலை, விளம்பரங்கள், பல பிரிட்டிஷ் புக்லெட்டுகளில் காணப்படும் பதிப்பு எண் ஆகியவை ஒரு காலத்தைச் சுட்டும். ஏடு அதே காலத்தைச் சுட்ட வேண்டும். முரண்பட்டால் பின் இருக்கும் இடத்துக்குத் திரும்புங்கள். பின் ஏற்படுத்திய துளைகள் அட்டையில் இரண்டு ஜோடி இருந்து, ஏட்டில் ஒரு ஜோடி மட்டுமே இருந்தால், பழைய அட்டைக்குள் வேறு ஏடு புகுந்திருக்கிறது. அட்டையில் துருக்கறை இருந்து, ஏட்டின் ஓரப்பட்டையில் அதே இடம் பளிச்சென்று இருந்தாலும் அப்படியே. ஒருமுறை ஒரு புக்லெட்டில் மூன்று ஏடுகளை மட்டும் பார்த்து அடையாளத்தை எழுதிவைத்தேன். சில மாதங்கள் கழித்து நான்காவதைத் திறந்தபோது அதன் துளை எண்ணே வேறாக இருந்தது. அன்றுமுதல் எல்லா ஏடுகளையும் பார்க்காமல் பெயர் எழுதுவதில்லை.

8. புக்லெட்டிலிருந்து பிரிந்த தனித் தலைகள்

தனித் தலை ஒன்றைக் காட்டி "இது புக்லெட்டிலிருந்து வந்ததா?" என்று கேட்பவர்களுக்குப் பல நேரங்களில் உறுதியான விடை தர முடியாது. அதை ஏற்றுக்கொள்வதே நேர்மையான அணுகுமுறை.

அமெரிக்கத் தட்டை அச்சுத் தலைகளில் (தட்டையான தகட்டால் அச்சிட்டவை) சிக்கல் தெளிவாகத் தெரியும். 400 தலைகள் கொண்ட முழுத்தாளை நடுக்கோடுகள் வழியே வெட்டி, நூறு நூறாக நான்கு தாள்களாக்கினார்கள். வெட்டிய நடுப்பக்கங்களில் துளை இல்லை. ஆகவே அந்தத் தாள்களிலிருந்தும் ஒரு பக்கம் துளையற்ற தலைகளும், மூலையில் இரு பக்கம் துளையற்ற தலைகளும் வந்தன. மேல்பக்கம் துளையற்றிருந்தால் அது ஆறு தலை ஏட்டிலிருந்து வந்ததல்ல என்று துணிந்து சொல்லலாம். இடமோ வலமோ கீழோ துளையற்றிருந்தால் இரண்டுக்கும் வாய்ப்புண்டு. "புக்லெட்டாக இருக்கலாம்" என்று எழுதுங்கள். அதற்கு மேல் எழுதாதீர்கள்.

பிரிட்டிஷ் தனித் தலைகளில் சீவிய பற்களும் தலைகீழ் நீர்க்குறியும் ஒருங்கே இருந்தால் புக்லெட் என்ற முடிவு வலுப்பெறும். சீவிய பற்கள் மட்டும் இருந்தால், யாரோ கத்தரிக்கோலால் உறையிலிருந்து வெட்டியதாகவும் இருக்கலாம்.

இரண்டு வகை மோசடிகளைத் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, துளையுள்ள தலையின் ஒரு பக்கத்தைச் சீவி வெட்டுவிளிம்பாக்குவது. படத்திலிருந்து விளிம்புவரை உள்ள தூரம், எதிர்ப்பக்கத்தில் படத்திலிருந்து துளை மையம்வரை உள்ள தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் ஐயப்படுங்கள். இரண்டாவது, வெட்டுவிளிம்பில் புதிதாகத் துளையிடுவது. இயல்பாகக் கிழித்த பல்லின் நுனியில் தாளின் நார்கள் துருத்தி நிற்கும். வெட்டுவிளிம்பில் துளையிட்டால் பற்களின் நுனி தட்டையாக, நாரின்றி இருக்கும். எதிர்ப்பக்கத்தோடு இணையாக ஓடாமல் சாய்ந்திருப்பதும், எதிர்ப்பக்கத்தின் எண்ணோடு கால் அளவு மாறுபடுவதும் உடன்சேரும் அடையாளங்கள்.

9. குறிப்பெழுதுதல்

முடிவை மட்டும் எழுதாமல், அளந்த எண்களையும் எழுதுங்கள். "துளை 14" என்பதைவிட, "இரண்டாம் ஏடு, உள்கிடைவரிசை, 40 இடைவெளி, 57.0 மில்லிமீட்டர்" என்ற குறிப்பு பின்னாளில் பயன்படும், பட்டியலின் புதிய பதிப்பு ஒரு வகையை இரண்டாகப் பிரித்தால், புக்லெட்டை மீண்டும் திறக்காமலே எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். ஒவ்வோர் ஏட்டுக்கும் விளிம்பு வரைபடம், மூலையின் வகை, இரு திசை அளவு, ஓரப்பட்டையில் துளை முடியும் விதம், நீர்க்குறியின் திசை, பின் அல்லது தையலின் நிலை என்ற வரிசையில் எழுதுவது என் வழக்கம். படிகளும் இதே வரிசையில் இருப்பதால் எது விடுபட்டாலும் உடனே கண்ணில் படும். ஒட்டிக்கொண்டிருந்ததால் திறக்காமல் விட்ட ஏட்டுக்கு நேரே "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள். குறிப்புத்தாளைப் புக்லெட்டுக்குள் செருகாமல், புக்லெட் இருக்கும் உறைக்கு வெளியே தனியாக வையுங்கள். உள்ளே செருகிய தாள் முதுகை விரித்து, பின் இருக்கும் இடத்தில் ஏடுகளை இழுக்கும்.